சுரங்கக் கம்பெனிகளுக்குப் புதுப் பாடம்: யார் யாருக்குக் கற்பிப்பது?

சுரங்கத்தில் வெடி வைப்பவருக்குச் சான்றிதழ் வேண்டும். மேலாளராக வர விரும்புகிறவர் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் நடத்தும் தேர்வில் தேறியாக வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் தொழிலாளிகூட, 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளின்படி பயிற்சி முடித்த பிறகே வேலையில் இறங்கலாம். சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது. ஆனால் அதே சுரங்கத்தின் சார்பில் ஊருக்குள் வந்து நிலம் கேட்பவருக்கும், கிணறு வற்றிவிட்டது என்ற முறையீட்டைக் காதில் வாங்கிக்கொள்பவருக்கும், பள்ளிக்கூடம் கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுப்பவருக்கும் எந்தத் தேர்வும் கிடையாது. எந்தச் சான்றிதழும் கிடையாது. பாறையோடு பழகப் படிப்பு வேண்டும், மனிதரோடு பழக அது வேண்டியதில்லை என்பதே இத்தனை காலமும் இந்தத் தொழிலின் எழுதாத விதி.

இந்த விதியை மாற்றப்போவதாகக் கம்பெனிகள் இப்போது சொல்கின்றன. உலகின் பெரிய சுரங்கக் கம்பெனிகள் கூடி 2001இல் அமைத்துக்கொண்ட சர்வதேசச் சுரங்க, உலோகப் பேரவை, சமூக மேம்பாட்டுக்கென்று 2005இல் ஒரு கையேட்டையே வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், அதன் 135ஆவது பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு வந்த விதிகள், இந்தப் பணிக்காகச் சொந்த ஊழியர்களைப் பயிற்றுவிக்கவும், பணி செய்யும் அமைப்புகளைப் பயிற்றுவிக்கவும், அந்தச் செலவில் 5 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தன. ஆக, மக்களோடு எப்படிப் பேசுவது, எப்படிப் பழகுவது என்று கம்பெனிக்காரர்களுக்குப் பாடம் நடத்தும் காலம் வந்துவிட்டது.

இதை நாம் வரவேற்பதா, எள்ளி நகையாடுவதா? இரண்டையும் அவசரப்பட்டுச் செய்ய வேண்டியதில்லை. பாடத்தில் என்ன இருக்கிறது, அதைக் கற்றவருக்குக் கம்பெனிக்குள் என்ன அதிகாரம் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

நமக்கு இதில் என்ன அக்கறை?

நகரிப் பக்கத்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. நகரியும் சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. கோடு அப்படி விழுந்தது. ஆனால் நகரியாறு கோட்டைப் பார்த்து ஓடவில்லை. அது கொசஸ்தலையில் கலந்து, பூண்டி ஏரிக்கு வந்து, சென்னையின் குடிநீராகிறது. அதே போலக் கல்லும் மண்ணும் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. லாரி ஏறி எல்லை தாண்டுகின்றன. மேற்கே குப்பத்தில் வெட்டப்படும் பச்சைக் கிரானைட் கடல் கடந்தே போகிறது. குடுபல்லிப் பக்கம் சிகர்குண்டாவில் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி நடத்திவந்த சுரங்கம் ஒன்று மூடிக் கிடக்க, சிகர்குண்டா–பிசாநத்தம் தங்க வயலைத் தேசியக் கனிம வளர்ச்சிக் கழகம் ஏலத்தில் எடுத்தது. வடக்கே ரயில்வே கோடூருக்கு அருகே மங்கம்பேட்டையில் ஆந்திர அரசின் கனிம வளர்ச்சிக் கழகம் பேரைட்டீஸ் எடுக்கிறது. நம் ஊர்களைச் சுற்றி நாலாபக்கமும் நிலம் தோண்டப்படுகிறது.

தறியை நம்பியிருக்கும் நகரி நெசவாளிக்கும், மானாவாரி நிலக்கடலையை நம்பியிருக்கும் சித்தூர் விவசாயிக்கும் சுரங்கம் என்பது வேலை தரும் இடமும்கூட, நீரைக் குடிக்கும் இடமும்கூட. இரண்டையும் சேர்த்தே நாம் பேச வேண்டும். சுரங்கமே வேண்டாம் என்று பேசுவது இதழில் எழுத எளிது. பிழைப்புக்கு ஊர்விட்டு ஊர் போன நம்மவருக்கு அது பதிலாகாது. போனவர்களில் பெரும்பகுதியினர் முதலில் போய்ச் சேர்ந்ததே ஒரு சுரங்கத்துக்குத்தான்.

தங்கவயல் கற்றுத் தந்தது

அந்தச் சுரங்கம் கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி அங்கே காலூன்றிய நாள் தொட்டு, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆயிரமாயிரமாகத் தமிழர் போனார்கள். சித்தூர் அப்போது வட ஆர்க்காட்டுக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1911இல். போனவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமில்லாத ஆதிதிராவிடர்கள். ஊரில் பண்ணையாளுக்கு இருந்த கட்டை அறுத்துக்கொண்டு, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து இயந்திரங்களுக்கு மின்சாரம் வந்தது. தொழிலாளி வாழ்ந்ததோ மூங்கில் தட்டி வீட்டில்.

அந்நாளில் ‘சமூக மேம்பாடு’ என்ற சொல் கம்பெனியிடம் இல்லை. ஆனால் அந்த வேலை நடக்கவே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைத் தொழிலாளிகளே செய்துகொண்டார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. படிப்பகமும், பள்ளியும், பதிப்பகமும் எழுந்தன. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் அவற்றை நடத்தினார்கள். கம்பெனி அவர்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு 1930ஆம் ஆண்டு சாட்சி. தொழிலாளிகளைக் கைரேகை வாங்கிப் பதிவு செய்யும் திட்டத்தைக் கம்பெனி கொண்டுவந்தபோது, தங்களைக் குற்றவாளிகளைப் போல் நடத்துவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வுக்காக அல்ல, மரியாதைக்காக எழுந்த போராட்டம் அது. இன்றைய பயிற்சி வகுப்புகளில் ‘மக்கள் ஈடுபாடு’ என்று எதைச் சொல்கிறார்களோ அதன் அரிச்சுவடி அதுதான்: ஆளைக் கேட்காமல் ஆளைப் பற்றி முடிவு செய்யாதே.

1956இல் மைசூர் அரசு சுரங்கத்தை ஏற்றது. பின்னர் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி பிறந்தது. வெள்ளைக்காரத் துரை போய் நம் அதிகாரி வந்தார். வீடும் ஆஸ்பத்திரியும் பள்ளியும் முன்பைவிட மேம்பட்டன. அதை மறுக்க முடியாது. ஆனால் ஊரின் ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு விளக்கும் கம்பெனியையே நம்பியிருந்தன. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டு காலத்தில் எண்ணூறு டன் அளவுக்குத் தங்கம் கொடுத்த மண்ணில் மிஞ்சியது சயனைடு மேடுகள். காற்றடித்தால் அந்தத் தூசு வீட்டுக்குள் வரும். மூன்று தலைமுறையாகச் சுரங்கத் தொழில் மட்டுமே அறிந்தவர்களின் பிள்ளைகள் விடியும் முன்னே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள்.

தங்கவயலில் யாரும் தொழிலாளிக்கு உதவவில்லை என்பதல்ல நம் புகார். உதவியவர்கள் இருந்தார்கள். ஆனால் கம்பெனி போன பிறகும் ஊர் நிற்க வேண்டும் என்று திட்டமிட்டவர் எவருமில்லை. சுரங்கத்தை மூடும் திட்டம் ஒன்றைக் கம்பெனி எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்ற விதியே 2003இல்தான் நம் நாட்டில் வந்தது. தங்கவயல் மூடி இரண்டு ஆண்டுக்குப் பிறகு! கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நமஸ்காரம் இனிமேல் தோண்டப்போகும் ஊர்களுக்காவது பயன்படட்டும்.

தெரிந்தவர் இருந்தால் போதுமா?

பயிற்சி பெற்றவர் ஒருவர் கம்பெனியில் இருந்தால் அநியாயம் நடக்காது என்று சிலர் நம்புகிறார்கள். நடந்தவற்றைப் பார்ப்போம்.

பாப்புவா நியூகினியின் பூகன்வில் தீவில் பாங்குனா செம்புச் சுரங்கம் 1972இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் கம்பெனியில் கிராம உறவுகளுக்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. இருந்தும் ஆறு கெட்டது; லாபத்தில் நிலத்துக்குரியவர்களின் பங்கு சொற்பம் என்ற குமுறல் வளர்ந்தது. 1989இல் கலகம் மூண்டு சுரங்கம் மூடப்பட்டது. பின்னர் வந்த உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கிராமத்துக் குறை அலுவலகத்துக்கு வந்தது. அலுவலகத்திலிருந்து எங்கும் போகவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2020 மே 24ஆம் தேதி ரியோ டின்டோ கம்பெனி, இரும்புத் தாதுக்காக ஜூகன் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகளை வெடிவைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டு மனித வாழ்வின் தடயம் இருந்த இடம் அது, ஆதிக்குடிகளுக்குப் புனிதமானது. 2014இல் அங்கே நடந்த அகழ்வில் அதன் அருமை தெளிவாகத் தெரிந்திருந்தது. உலகிலேயே சமூக உறவுக்குப் பெயர் பெற்ற கம்பெனிகளில் அது ஒன்று. படித்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் படித்தவர்களின் சொல்லுக்கு வெடியை நிறுத்தும் வலிமை இல்லை. தலைமை நிர்வாகியும் இன்னும் இரு உயர் அதிகாரிகளும் பதவி விலக நேர்ந்தது. குகை திரும்பி வருமா?

நம் வீட்டருகே வருவோம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் பிறந்த பொதுத்துறை நிறுவனம். அதில் சமூகப் பொறுப்புக்கு ஒரு பிரிவு உண்டு, நிலம் எடுக்க ஒரு பிரிவும் உண்டு. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், கால்வாய் வெட்டும் வேலைக்காக, நெல் நின்ற வயலுக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. நிலம் முன்பே எடுத்தது, பணம் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் விதைத்தவன் அறுக்கும் வரை பொறுப்பது என்ற ஊர்மரியாதையை எந்தக் கையேட்டில் எழுதி வைத்தால் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கும் அவரை அனுப்பியவருக்கும் தெரியும்?

இந்த மூன்றிலும் ஒரே நோய்தான். மக்களோடு பேசுகிறவர் ஒருவர், முடிவெடுக்கிறவர் வேறொருவர். பேசுகிறவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் அவர் இன்னும் இனிமையாகப் பேசுவார், அவ்வளவுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

பணத்தின் கதை

இனிமையான பேச்சுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. அதைப் பற்றி நம் மக்களில் பலருக்குத் தெரிவதில்லை. 2015இல் திருத்திய சுரங்க, கனிமச் சட்டத்தின் 9பி பிரிவு, சுரங்கப் பாதிப்புள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கனிம அறக்கட்டளை ஒன்றை அமைக்கச் சொல்கிறது. பழைய குத்தகைக்காரர் ராயல்டியில் 30 சதவீதமும், ஏலத்தில் எடுத்தவர் 10 சதவீதமும் அதற்குக் கட்ட வேண்டும் என்பது விதி. கல், மண், கிரானைட் போன்ற சிறுகனிமங்களுக்கு மாநில அரசு தொகையை விதிக்கும். அந்த நிதியில் குறைந்தது 60 சதவீதம் குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் போன்றவற்றுக்குப் போக வேண்டும் என்றது 2015ஆம் ஆண்டின் வழிகாட்டுதல். 2024இல் அது 70 சதவீதமாயிற்று.

இது கம்பெனியின் தர்மம் அன்று; பாதிப்புக்கு ஆளானவனின் பணம். கம்பெனி தரும் தண்ணீர்த் தொட்டியில் கம்பெனியின் பெயர் எழுதியிருக்கும். அறக்கட்டளைப் பணத்தில் கட்டிய தொட்டியில் யார் பெயர் எழுதுவது என்று அரசியல்வாதிகள் சண்டையிடுவார்கள். இரண்டிலும் ஊரார் பெயர் இருக்காது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி மாவட்டம் உண்டானது. அறக்கட்டளையோ மாவட்டவாரியானது. எந்த ஊர் எந்தக் கணக்கில் வருகிறது, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கேட்பது நம் உரிமை; 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் அதற்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2 சதவீதச் சட்டம் எல்லோரையும் தொடாது. சொத்து மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற வரம்பைத் தொடும் கம்பெனிக்குத்தான் அது. அதேபோல, தனித்து நிற்கும் 5 ஹெக்டேருக்குட்பட்ட சிறுகனிமக் குவாரிக்குப் பொதுவிசாரணையும் கிடையாது. சின்னக் குவாரிக்குச் சமூகப் பொறுப்பும் இல்லை, சபையில் பதில் சொல்லும் கடமையும் இல்லை. நம் ஊர்ப்பக்கத்து மக்களின் தினசரிச் சண்டை பெரும்பாலும் இந்தச் சின்னக் குவாரிகளோடும் கிரஷர்களோடும் லாரிகளோடும்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எப்படிப்பட்ட பயிற்சி வேண்டும்?

முதலாவதாக, பயிற்சி மக்கள் தொடர்பு அதிகாரியோடு நிற்கக் கூடாது. வெடி வைக்கும் நேரத்தை முடிவு செய்கிறவர், லாரி ஒப்பந்தக்காரர், நிலம் வாங்கும் அதிகாரி, கணக்கர், எல்லோருக்கும் மேலே மேலாளர், இவர்களுக்கே அது முதலில் வேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் லாரி எந்தத் தெருவில் போகிறது என்பதைத் தீர்மானிப்பவர் ஒப்பந்தக்காரர். சிரித்த முகத்தோடு நோட்டுப் புத்தகம் வழங்குகிறவர் அல்லர். மேலாளர் தேர்வில் காற்றோட்டமும் பாறையின் பலமும் கேட்கிறார்கள். ஊரின் நீர்நிலை, மேய்ச்சல், சுடுகாட்டுப் பாதை இவற்றைப் பற்றியும் ஒரு தாள் இருக்கட்டுமே!

இரண்டாவதாக, பாடம் சொல்பவர் நகரத்து ஓட்டலில் இருந்து வரக் கூடாது. ஊர்க் கிணற்றின் ஆழத்தை அறிந்தவர் ஊரார். தூசினால் வரும் சிலிகோசிஸ் நோயின் மூச்சிரைப்பை அறிந்தவர் பழைய சுரங்கத் தொழிலாளி. தங்கவயலில் ஓய்வுபெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிகர்குண்டாவுக்கு வரும் அதிகாரிகளை ஒரு வாரம் அந்தச் சயனைடு மேடுகளின் அடியில் தங்க வைத்தால், ஒரு வருடப் படிப்புக்குச் சமம்.

மூன்றாவதாக, மொழி. எல்லைப்புறத்தில் அலுவல் தெலுங்கில் நடக்கிறது. கம்பெனிக் காகிதம் ஆங்கிலத்தில் வருகிறது. வீட்டில் பேசுவது தமிழ். நகரிப் பக்கத்தில் ஒரு பாட்டி தன் குறையைத் தமிழில் சொன்னால் அதைத் தமிழிலேயே எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இது சலுகை அன்று. நாட்டில் அல்லது மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்க மனுச் செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு சொல்கிறது. அரசு அலுவலகத்துக்கே அந்தக் கடமை இருக்கும்போது, நம் மண்ணைத் தோண்ட வருகிறவருக்கு இல்லாமல் போகுமா? தெலுங்கு பேசும் அண்டை வீட்டாருக்கும் இதே உரிமையைத்தான் நாம் கேட்கிறோம். கிணறு வற்றினால் இரு வீட்டுக்கும்தான் வற்றும்.

நான்காவதாக, ‘இல்லை’ என்ற சொல்லை எழுதத் தெரிய வேண்டும். ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் எடுப்பதா என்று கிராம சபைகளைக் கேட்கும்படி 2013 ஏப்ரல் 18ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை தப்பியது. பயிற்சி என்பது ‘வேண்டாம்’ என்பவரை ‘சரி’ என்று சொல்ல வைக்கும் வித்தையானால், அது மேம்பாடு அன்று, தரகு. ஊர் மறுத்ததை மறைக்காமல் மேலிடத்துக்கு எழுதும் ஊழியருக்கு வேலைப் பாதுகாப்பு இருக்க வேண்டும்.

ஐந்தாவதாக, முறையீட்டுக்கு ஒரு பதிவேடு, தேதி, ரசீது, பதிலுக்கு ஒரு கெடு. பதில் வரும் வரை அந்த இடத்தில் வேலையை நிறுத்திவைக்க அந்த ஊழியருக்கு அதிகாரம். அதிகாரம் இல்லாத பயிற்சி, பல் இல்லாத சீப்பு.

ஆறாவதாக, மூடும் நாளைத் தொடங்கும் நாளிலேயே பேச வேண்டும். எத்தனை ஆண்டு தோண்டுவீர்கள், பிறகு பள்ளத்தை என்ன செய்வீர்கள், எங்கள் பிள்ளைகள் சுரங்கம் தவிர வேறு என்ன தொழில் கற்பார்கள் என்ற கேள்விகளுக்கு ஊர் நடுவே பதில் வேண்டும்.

நம் தோழர்களின் ஐயம்

நம் தோழர்களில் சிலர் இதெல்லாம் கண்துடைப்பு என்கிறார்கள். லாபத்துக்காக வந்தவனுக்கு நல்லொழுக்கப் பாடம் நடத்திப் பயன் என்ன என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை. லாபத்தின் குணத்தைப் பாடம் மாற்றாது. ஆனால் கம்பெனி எழுதி வைத்த வாக்கைக் காட்டிக் கம்பெனியையே மடக்கலாம். எழுதாத வாக்கைக் காட்ட முடியாது. சுரங்கச் சட்டமும் தொழிலாளி நஷ்டஈடும் வந்தபோதும் கண்துடைப்பு என்றவர்கள் இருந்தார்கள். தொழிலாளி அதைக் கையில் எடுத்துப் போராடியதால்தான் அவற்றுக்கு உயிர் வந்தது.

வேறு சிலர், வேலை கொடுத்தால் போதும், மற்றதை ஏன் கிளறுகிறீர்கள் என்கிறார்கள். அவர்களுக்குத் தங்கவயலே பதில். நூற்றிருபது ஆண்டு வேலை கொடுத்தார்கள். வேலை போன மறுநாள் என்ன இருந்தது?

நாம் செய்ய வேண்டியது

கம்பெனி தன் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. நம் ஆட்களுக்கு யார் கொடுப்பது? ஒருபக்கம் படித்துத் தேறி வந்து உட்காருகிறது. மறுபக்கம் குத்தகைக் காகிதத்தையே கண்ணால் பார்த்ததில்லை. இது பேச்சுவார்த்தையா?

ஊர்விட்டு வந்த நம்மில் வக்கீல்கள் இருக்கிறார்கள். சுரங்கத்தில் ஓவர்மேனாக இருந்தவர்கள், கணக்கு எழுதியவர்கள், தெலுங்கும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் ஊருக்குப் போகும்போது ஒருநாளை இதற்கு ஒதுக்குவோம். குத்தகையின் எல்லையை வரைபடத்தில் பார்ப்பது எப்படி, அறக்கட்டளைக் கணக்கைக் கேட்டு மனு எழுதுவது எப்படி, பொதுவிசாரணையில் பேசியதைக் குறிப்பில் ஏற்றச் சொல்வது எப்படி, வெடிக்கு முன்னும் பின்னும் கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு போட்டு அளந்து நோட்டில் எழுதுவது எப்படி என்று நம் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். மாரிக்குப்பத்தில் ஷிப்டு முடிந்து வந்து படிப்பகம் நடத்தினார்களே, அவர்களுக்கு யாரும் கையேடு கொடுக்கவில்லை.

கம்பெனி அதிகாரி பயிற்சி முடித்து ஊருக்குள் வரட்டும். நாற்காலி போடுவோம், மோர் கொடுப்போம். அதோடு, தேதி போட்ட கிணற்றுக் கணக்கையும் அவர் முன்னே வைப்போம். அவர் கற்றது என்ன என்று அப்போது தெரிந்துவிடும்.